பதினான்காம் எண் காளான்

அக்டோபர் 3, திங்கள்

மழை விட்டிருந்த ஒரு மணி நேரத்தில் காப்பித் தோட்டத்துக்குள் போய் வந்தேன். ஏழு வகை கிடைத்தது. ஐந்து, மரத்தோடு ஒட்டி வளர்பவை. தட்டுப் போலக் கெட்டியானவை. இரண்டு, குடைக் காளான். ஒவ்வொன்றையும் தனிக் காகிதப் பையில் போட்டு, எந்த மரம், வெயிலா நிழலா, என்றைக்குப் பறித்தது என்று எழுதி வைத்தேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். இது ஷம்ஷாத் சொல்லிக் கொடுத்தது.

ஷம்ஷாத் மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். வயது முப்பத்தைந்து இருக்கும். ஆறாவது படிக்கும் மகள் உண்டு. எங்கள் தாண்டிக்குடிப் பக்கத்துக் காட்டுக் காளான்களில் கிருமிகளைக் கொல்லும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்பது அவளுடைய கேள்வி. இந்தக் கேள்வியோடு ஐந்தாவது வருடமாக அலைகிறாள். ஜூலையில் இங்கே வந்தவளுக்குப் பள்ளித் தலைமையாசிரியர் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். "வாரா வாரம் மலையேற முடியல சார். நீங்க பொறுக்கி, காயவெச்சு, பஸ்ல போட்டுவிட்டா போதும்" என்றாள். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆன அறிவியல் வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்.

காளான் எதற்காகக் கிருமியைக் கொல்ல வேண்டும் என்று என் மனைவி செசிலி கேட்டாள். வத்தலக்குண்டுச் சந்தையை நினைத்துக்கொள் என்றேன். கடை போட வருகிறவன் முதலில் சாக்கை விரித்து இடம் பிடிக்கிறான் அல்லவா? மட்கிய மரமும் ஒரு சந்தைதான். அதில் இடம் பிடிக்கப் பாக்டீரியாவும் வரும், காளானும் வரும். காளானிடம் சாக்கு இல்லை. ஏதோ ஒரு சாற்றைக் கசியவிட்டு மற்றவர்களைத் தள்ளி நிறுத்துகிறது. ஷம்ஷாத் தேடுவது அந்தச் சாற்றை.

"சந்தையெல்லாம் இருக்கட்டும். மீன் வாங்கிட்டு வரச் சொன்னேனே, அது என்னாச்சு?" என்றாள்.

மறந்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் கால் கட்டை மாற்றினேன். ஜூன் மாதம் இடது சுண்டுவிரல் ஓரத்தில் செருப்புக் கடித்த புண். சர்க்கரை இருப்பதால் ஆறவில்லை. வலியும் தெரியவில்லை, வலி தெரியாததுதான் ஆபத்து என்று திண்டுக்கல் டாக்டர் சொன்னார். உப்புத் தண்ணீரில் கழுவி, களிம்பு தடவி, துணி சுற்ற வேண்டும். கட்டை அவிழ்த்ததும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இதுவரை ஒரு தடவைகூடப் புண்ணைப் பார்த்ததில்லை.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லை."

அக்டோபர் 8, சனி

குடைகள் இரண்டும் காய்வதற்குள் கறுத்து நீராகிவிட்டன. தட்டுகள் மட்டும் தேறின.

இன்று தோட்டத்தில் வேலுத்தாய் காப்பிப் பழம் எடுத்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக அதே தோட்டத்தில் வேலை செய்கிறவள். என் பையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சாரு, இதத் திங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. எதுக்குப் பொறுக்குறீக?"

"மருந்து இருக்கான்னு பாக்கத்தான்."

"மருந்தா? மாடு கூட மோந்து பாக்காது."

"அப்ப நீ திங்கிற காளான் எங்க மொளைக்குதுன்னு சொல்லேன்."

"அதச் சொல்ல மாட்டேன். எம் புருசனுக்கே சொன்னதில்ல."

ஆனால் வேறொரு இடத்தைக் காட்டினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் போன வருடக் காற்றில் சாய்ந்த கல்யாண முருங்கை ஒன்று கிடக்கிறது. அதன் மேல் முழுக்க இளமஞ்சள் நிறத்தில் மெத்தென்ற காளான், அடுக்கடுக்காக, நனைந்த அப்பளம் போல. பிய்த்தால் மஞ்சள் நீர் கசிகிறது. மடல்களுக்கிடையில் சின்ன வண்டுகளும் புழுக்களும். ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தேன். எண் 14 என்று குறித்தேன்.

அக்டோபர் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் பிறகு பங்குக் கூட்டம். வீடு திரும்ப மதியம் ஆகிவிட்டது. செசிலி முக்காலியில் உட்கார்ந்தபடியே பதினான்காம் எண்ணை ஒரு புழு இல்லாமல் சுத்தம் செய்து முறத்தில் பரப்பி வைத்திருந்தாள். வாத்தியார் நான், ஆனால் கை வேலையில் ஒழுங்கு என்பது அவளிடம்தான். காய்ந்ததும் பாதியை அனுப்ப வேண்டும். மீதியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறாள் ஷம்ஷாத்.

அக்டோபர் 20, வியாழன்

இரண்டு செய்திகள். நல்லதை முதலில் எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு ஷம்ஷாத் போன் செய்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது. "சார், பதினாலாம் நம்பர் வட்டம் போட்டிருக்கு! பத்தொன்பது மில்லிமீட்டர்!"

செசிலிக்கு இப்படி விளக்கினேன். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்க்கிறார்கள். தட்டு முழுக்க மாவு பூசியது போல் படர்ந்துவிடும். நடுவில் காளான் சாற்றில் நனைத்த சின்னக் காகித வில்லையை வைக்கிறார்கள். சாற்றில் சத்து இருந்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் வெறுமையாக நிற்கும். கண்டிப்பான வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்தால் முன் பெஞ்சுகள் மட்டும் அடங்குமே, அப்படி. வட்டம் எவ்வளவு பெரிதோ, வாத்தியார் அவ்வளவு கண்டிப்பு.

"உங்களுக்கு எத்தன பெஞ்சு அடங்கும்?" என்றாள்.

ஷம்ஷாத்திடம் நான் கேட்டது வேறு. ஆகஸ்டில் செசிலியின் புண்ணிலிருந்து சீழ் எடுத்துச் சோதித்தபோது ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று வந்தது. திராட்சைக் கொத்துப் போன்ற கிருமி. பல மருந்துகளுக்கு அடங்கவில்லை. தட்டில் இருந்தது அந்தக் கிருமிதானா?

"அதே பேருதான் சார். ஆனா அதே ஆளுன்னு சொல்ல முடியாது. உங்க பேர்லயே, ஞானப்பிரகாசம்னு, உங்க ஊர்ல நாலு பேர் இருக்க மாட்டாங்களா?"

"இருந்தாலும் ஒரே வகைதானே."

"சார், தட்டுல சாகுறது வேற, உடம்புல சாகுறது வேற. கொதிக்கிற தண்ணிலகூடத்தான் சாகும். அதக் கால்ல ஊத்துவீங்களா?"

நல்ல உதாரணம். எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

இன்னொரு செய்தி: மதியம் திண்டுக்கல் போனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கின் முன் பிடித்துக் காட்டினார். சுண்டுவிரல் எலும்பு வரை போய்விட்டது. எடுத்துவிட வேண்டும், அடுத்த வியாழன், 27ஆம் தேதி. தள்ளிப் போடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது செசிலி கேட்டாள்: "சுண்டுவிரல் எதுக்குங்க இருக்கு?" உடம்பு சாயாமல் நிற்க அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்ல ஆரம்பித்தேன். "மெட்டி போடுற விரல் இல்லியே. போனாப் போகுது" என்றாள். பிறகு சேவுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் கொடுத்தாள். என்னால் தின்ன முடியவில்லை.

அக்டோபர் 22, சனி

பதினான்காம் எண்ணில் மீதி இருந்ததைச் சின்ன உரலில் இடித்து மெல்லிய துணியில் சலித்தேன். காய்ந்த காளானைப் பூச்சி பிடிக்கும். பொடியாக இருந்தால் பத்திரம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினேன்.

சாயங்காலம் கட்டு மாற்ற வழக்கத்தைவிட நேரம் ஆனது.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்தன. செசிலி அதிரசத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முறுக்கை எடுத்துக்கொண்டாள்.

புண்ணின் அகலத்தைப் பள்ளி ஸ்கேலால் அளந்தேன். சனிக்கிழமை 23, நேற்று 23, இன்று 22 மில்லிமீட்டர். ஓரம் காய்ந்தது போல் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கண்ணின் பிழையாகவும் இருக்கலாம். மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையில் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அக்டோபர் 26, புதன்

மலைப்பாதையில் மண் சரிவு என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னேன். அது உண்மை. ஒரு மணி நேரத்தில் அகற்றிவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆபரேஷனை நவம்பர் 4ஆம் தேதிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். டாக்டருக்கே நாளை வசதிப்படவில்லை என்று செசிலியிடம் சொன்னேன்.

ஓசூரிலிருந்து மகன் அமல் கேட்டான். அவனிடமும் அப்படியே.

அக்டோபர் 29, சனி

ஷம்ஷாத் நேற்று போன் செய்தாள். பதினான்காம் எண் இன்னும் வேண்டுமாம். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஐந்து வருடத்தில் அவர் அப்படிப் பார்த்தது இதுதான் முதல் தடவையாம். டிசம்பரில் ஒரு கருத்தரங்கில் பேசச் சொல்லியிருக்கிறார்.

"பாதியப் பச்சையா, பறிச்ச கையோட அனுப்புங்க சார். பாதிய வழக்கம்போல வீட்டுல காயவெச்சு அனுப்புங்க. எதுல சத்து அதிகம்னு பாக்கலாம்."

அதே மரத்தில் பறித்தேன். பாதி அப்படியே பையில் போட்டுக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். பாதியைச் செசிலியிடம் கொடுத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன்.

நவம்பர் 2, புதன்

கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு வந்தேன். செசிலியால் அந்த ஏற்றம் ஏற முடியாது.

கட்டு மாற்றும்போது ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "என்னங்க, இப்பல்லாம் கட்டுல காட்டு வாசன அடிக்குது."

"புதுக் களிம்பு" என்றேன்.

நாளை மறுநாள் போக வேண்டியது. 14ஆம் தேதி திங்கட்கிழமைக்கு மாற்றச் சொல்லிப் போன் செய்தேன். போனை எடுத்த பெண் காரணம் கேட்டாள். குடும்பத்தில் ஒரு காரியம் என்றேன்.

நவம்பர் 7, திங்கள்

அளக்கவில்லை.

நவம்பர் 9, புதன்

ஷம்ஷாத் போன். பச்சையாக அனுப்பியதில் வட்டமே இல்லை. பூஜ்யம். வீட்டில் காய்ந்து போனதில் பதினெட்டு.

"ஒரே மரம்தானே சார்?"

"ஒரே மரம், ஒரே நாள், ஒரே கூடை."

"அப்ப காயும்போது ஏதோ நடக்குது. அது என்னன்னு தெரிஞ்சாதான் நான் மேல எழுத முடியும். சனிக்கிழம வரேன். ஆன்ட்டி எப்படிக் காயவைக்கிறாங்கன்னு கூட உக்காந்து பாக்கணும். வீட்டுல மீதி இருநூறு கிராம் இருக்குன்னீங்கல்ல? அதையும் எடுத்துக்கிறேன்."

இருக்கிறது என்றேன்.

நவம்பர் 12, சனி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

ஷம்ஷாத் பத்து மணி பஸ்ஸில் வந்தாள், கையில் ஒரு சின்னத் தராசும் நோட்டும். நான் விடியற்காலையிலேயே போய்ப் பதினான்காம் எண் பறித்து வைத்திருந்தேன். செசிலி அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், கட்டுப் போட்ட காலைத் தனியாக ஒரு மணையின் மேல் நீட்டி.

"ஆன்ட்டி, நான் இங்க இல்லன்னு நினைச்சுக்குங்க. வழக்கமா என்ன செய்வீங்களோ, அதச் செய்ங்க."

"இம்புட்டு ஒசரமா நின்னா எப்படி இல்லன்னு நினைக்கிறது? உக்காரு."

ஷம்ஷாத் தரையில் உட்கார்ந்தாள். செசிலி குண்டானில் தண்ணீர் ஊற்றினாள். ஒரு பிடி கல்லுப்புப் போட்டாள். பிறகு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து இரண்டு கரண்டி மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கி, காளானை அதில் அமுக்கினாள்.

ஷம்ஷாத்தின் பேனா நின்றது.

"ஆன்ட்டி, அது என்ன?"

"மஞ்சத்தூளும்மா. கடைத்தூள் இல்ல, நம்ம தோட்டத்து மஞ்சள், நானே அரைச்சது."

"எல்லாக் காளானையும் இப்படித்தான் கழுவுவீங்களா?"

"அந்தக் கெட்டித் தட்டுக்கெல்லாம் எதுக்கு? தட்டுனா தூசி போயிரும். இதுலதான் புழு நெளியுது. ஒரு மணி நேரம் மஞ்சத்தண்ணில கெடந்தா அம்புட்டும் வெளிய வந்துரும். காட்டுல இருந்து வர்ற காளான மஞ்சத்தண்ணில போடாம நாங்க வீட்டுக்குள்ளயே வைக்க மாட்டோம். புழுவோட உன் கையில குடுத்தா நல்லாவா இருக்கும்? அந்த வீட்டுப் பொம்பளைக்குச் சுத்தம் தெரியாதுன்னு நினைக்க மாட்டே?"

குண்டானில் புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன.

மஞ்சள் கிருமியை அடக்கும் என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். காளான் நிறமே மஞ்சள், அதன் சாறும் மஞ்சள். அதனால் ஆய்வகத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முப்பது வருடம் நான் வகுப்பில் இரண்டு தொட்டி அவரைச் செடி வைத்துக் காட்டியிருக்கிறேன். மண் ஒன்றாக இருக்க வேண்டும், தண்ணீர் ஒன்றாக இருக்க வேண்டும், வெளிச்சம் மட்டும் மாறலாம். வேறு எது மாறினாலும் சோதனை செல்லாது. என் வீட்டு அடுப்படியில் என்ன மாறுகிறது என்று ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை.

செசிலிக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப அந்த வட்டம் என் மஞ்சளாலயா? உன் அஞ்சு வருசம் என்னால போச்சாம்மா?"

"அஞ்சு வருசம் இல்ல ஆன்ட்டி. ஒரு மழைக்காலம். நான் வந்து பாத்திருக்கணும். தப்பு என்னோடது." சொல்லும்போது ஷம்ஷாத்துக்குக் கண் கலங்கியிருந்தது. கருத்தரங்குக்குப் பெயர் கொடுத்தாயிற்று, அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள்.

செசிலி திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்த மஞ்சளுக்கும் எனக்கும் ஆகல பாரு. புண்ணுல மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதுல இருந்து, அஞ்சறைப் பெட்டியத் தொட்டாலே கால இப்படித் தூக்கித் தள்ளி வெச்சுக்குவேன். கால விட்டுட்டு உன் காளான்ல போட்டுட்டேனே."

நான் வாசல் பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"சார், அந்த மீதிய எடுத்துட்டு வாங்க. கழுவாதது ஏதாவது கலந்திருக்கான்னு பாக்கணும்" என்றாள் ஷம்ஷாத்.

ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தேன். பொடியைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினாள். தராசில் வைத்தாள்.

"அறுபத்தஞ்சு கிராம்தான் இருக்கு. இருநூறுன்னீங்களே சார். மீதி எங்க?"

நான் காலி பாட்டிலை மூடினேன்.

முதலில் புரிந்துகொண்டது செசிலி. மணையின் மேல் இருந்த தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "காட்டு வாசன" என்றாள். அவ்வளவுதான்.

"சார்..." என்றாள் ஷம்ஷாத். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ரொம்ப மெதுவாகப் பேசினாள். "எங்க லேப்ல ஒரு எலிக்குக் குடுக்கணும்னாகூட முதல்ல கமிட்டிக்கு எழுதி அனுமதி வாங்கணும் சார். எதுக்கு, எவ்வளவு, எத்தன நாள், வலிக்குமா, எல்லாம் எழுதணும். ஆன்ட்டிகிட்ட கேட்டீங்களா?"

குண்டானை யாரும் எடுக்கவில்லை. ஷம்ஷாத் இரண்டு மணி பஸ்ஸில் போனாள். போகும்போது செசிலியின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

காலையில் கட்டு மாற்றத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். செசிலி கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கித் தானே கட்டை வெட்டினாள். குனிய முடியாமல் காலை இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, ஐந்து மாதத்தில் முதல் முறையாகப் பார்த்தாள்.

நான் இந்த நோட்டில் எழுதாததை இப்போது எழுதுகிறேன். சுண்டுவிரல் முழுக்கக் கறுத்துவிட்டது. பக்கத்து விரலின் அடியும் சிவந்து வீங்கியிருக்கிறது. அமுக்கினால் சீழ் வருகிறது. இடுக்கில் பொடி கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நவம்பர் 4ஆம் தேதி 27 மில்லிமீட்டர் அளந்தேன். அதை எழுதவில்லை. அதற்குப் பிறகு அளக்கவும் இல்லை.

அக்டோபர் 26ஆம் தேதியும் நவம்பர் 2ஆம் தேதியும் ஆஸ்பத்திரிக்கு நான் சொன்ன காரணங்கள் காரணங்களே அல்ல. அந்த விரல் போகாமல் இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவளுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. பஸ்ஸில் சேவு தின்றாள். எனக்கு இருந்தது. எனக்காகத்தான் அவள் காலில் பொடி வைத்தேன்.

"எத்தன நாளா?" என்று கேட்டாள்.

"இருபத்திரண்டு நாள்."

"இது எப்பச் செவந்துச்சு?" பக்கத்து விரலைத் தொட்டுக் காட்டினாள்.

"ஒன்பது நாள் இருக்கும்."

"தெரிஞ்சும் 'பரவாயில்ல'ன்னீங்க."

"ஆமாம்."

அழவில்லை, திட்டவில்லை. உப்புத் தண்ணீரை நகர்த்தச் சொல்லித் தானே கழுவிக்கொண்டாள். எட்டாத இடத்தை மட்டும் காட்டினாள். அங்கே நான் துடைத்தேன்.

நவம்பர் 14, திங்கள்

திண்டுக்கல். டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பதினெட்டு நாள் முன்னாடி ஒரு விரல் எடுக்க வேண்டியது. இப்ப ரெண்டு. அதுக்கு மேலயும் எடுக்க வேண்டியிருக்கலாம், திறந்து பாத்தாத்தான் தெரியும். நடுவுல என்ன வெச்சீங்க?"

செசிலி என் பக்கம் திரும்பினாள். நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

சொன்னேன். எந்தக் காளான், எவ்வளவு பொடி, அதில் மஞ்சளும் இருந்தது, சோதிக்கப்படாதது, அவளுக்குத் தெரியாமல் வைத்தேன், தேதியை மாற்றியதும் நான்தான்.

"நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்.

"சயின்ஸ் டீச்சர்."

அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

நவம்பர் 15, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுங்க."

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். முப்பது வருடப் பழக்கம், காகிதம் வந்தால் கை தானாகப் பேனாவுக்குப் போகும்.

"அத இங்க குடு தாயி" என்றாள் செசிலி. "காலு என்னோடது."

"பெரியவரே போடலாம்மா. நீங்க படுத்துக்குங்க."

"நான் எட்டாவது பாஸு. பேர் எழுதத் தெரியும்." பிறகு என்னைப் பார்த்து, "படிங்க. ஒரு வரி விடாமப் படிங்க" என்றாள்.

படித்தேன். எந்தக் கால், எந்த விரல்கள், மயக்க மருந்தில் என்ன ஆபத்து, தேவைப்பட்டால் மேலே எடுக்கச் சம்மதமா என்ற வரி. அந்த வரியில் நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள். மறுபடி படித்தேன். "கணுக்கால் வரைக்குமா?" என்று நர்ஸிடம் கேட்டாள். இல்லை, பாதத்தில் ஒரு பகுதி மட்டும் என்றாள் நர்ஸ். கொஞ்ச நேரம் யோசித்தாள். என் பேனாவை வாங்கி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் செசிலியா என்று எழுதினாள்.

இரண்டு விரல்கள். அதோடு நின்றது.

நவம்பர் 27, ஞாயிறு

வீட்டுக்கு வந்து மூன்று நாள். செசிலி தேவைக்கு மட்டும் பேசுகிறாள். உப்பு இருக்கிறதா, கதவைச் சாத்துங்கள், அமல் போன். மற்றபடி வேலுத்தாய் வந்தால்தான் வீட்டில் பேச்சுச் சத்தம். இன்று அவள் ஒரு தூக்குச் சட்டியில் புற்றுக் காளான் குழம்பு கொண்டுவந்தாள்.

"இத மட்டும் சாரு கிட்ட காட்டாதக்கா. நம்பர் போட்டு மதுரைக்கு அனுப்பிருவாரு."

செசிலி சிரித்தாள். உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 4, ஞாயிறு

ஷம்ஷாத் போன் செய்தாள். கருத்தரங்கிலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குள் வந்து போன பத்தொன்பது காளான்களையும், கெட்டித் தட்டுகள் உட்பட, ஆய்விலிருந்து ஒதுக்கிவிட்டாள். கழுவாதவையாக இருக்கலாம், ஆனால் உறுதி சொல்ல அவள் பக்கத்தில் இல்லை. அடுத்த மழையில் ஒவ்வொன்றாக அவளே பறிப்பாளாம். ஒரு வருடம் தள்ளிப்போகிறது.

அவள் கையாலேயே பறித்த தட்டுக் காளான் ஒன்று ஒன்பது மில்லிமீட்டர் காட்டியிருக்கிறது. மூன்று தடவை செய்தும் அதே ஒன்பது.

"சின்னதுதான் சார். ஆனா அந்த ஒன்பதும் காளானோடது."

நடந்ததை ஆய்வேட்டில் எழுதியாக வேண்டும், பெயர் போட மாட்டேன், ஆன்ட்டிக்குச் சம்மதமா என்று கேட்டாள். போனைச் செசிலியிடம் கொடுத்தேன்.

"பேரு போடாம எப்படி? எழுதுறதுன்னா முழுசா எழுது. செசிலியா, மஞ்சத்தூள் ரெண்டு கரண்டி. வாத்தியார் பேரையும் போடு" என்றாள்.

டிசம்பர் 11, ஞாயிறு

தையல் பிரித்தாயிற்று. சர்க்கரை இறங்கியிருக்கிறது. காயம் சுத்தமாக, இளஞ்சிவப்பாக இருக்கிறது. இப்போது நான் இப்படி எழுதினால் நம்பலாம், ஏனென்றால் அவளும் பார்க்கிறாள். தடியை ஊன்றி வாசல் வரை போகிறாள். இடது பக்கம் கொஞ்சம் சாய்கிறாள். சாயும்போது நான் பிடிக்கப் போனால், கையைத் தட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் கட்டு மாற்றுவதை அவளேதான் செய்துவந்தாள். இன்று காலை வெந்நீரோடு நான் போனபோது, காலை மணையின் மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோல் என் பக்கம் வைக்கப்பட்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன்.

"என்ன வைக்கப் போறீங்க?"

"உப்புத் தண்ணீர். ஆற வைத்தது."

"அப்புறம்?"

"டாக்டர் கொடுத்த களிம்பு. நீல மூடி போட்டது." ட்யூபைக் கையில் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்புறம்?"

"துணி. அதுக்கு மேல பிளாஸ்திரி. வேற எதுவும் இல்லை."

கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வைங்க" என்றாள்.